ஐம்பதைக் கடந்த செஸ்னாவைப் பராமரிப்பது

சொந்தமாக விமானம் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் தோன்றும் வியப்பு, அது 1974-இல் தயாரானது என்று தெரிந்ததும் கவலையாக மாறிவிடும். இவ்வளவு பழையதிலா பறக்கிறீர்கள் என்று சிலர் வாய்விட்டே கேட்பார்கள். மற்றவர்கள் நாகரிகம் கருதிப் பேச்சை மாற்றுவார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. பழைய விமானத்தைப் பராமரிப்பது என்றால் எந்நேரமும் ஸ்பானரும் கையுமாக நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த வேலையின் பெரும்பகுதி, கவனித்துக் குறித்து வைப்பதும், தேவையில்லாத இடத்தில் கை வைக்காமல் இருப்பதும், இடைவெளி விடாமல் பறப்பதும்தான்.

என்னுடையது செஸ்னா 172 வகையில் ‘எம்’ மாடல். இறக்கை மேலே, மடங்காத சக்கரங்கள் கீழே, நான்கு இருக்கைகள், முன்னால் லைகமிங் நிறுவனம் தயாரித்த, 150 குதிரைத்திறன் கொண்ட ஓ-320 என்ஜின். 172-இன் முதல் மாதிரி 1955-இல் பறந்தது. அதிலிருந்து இன்றுவரை 44,000-க்கும் மேற்பட்டவை தயாராகியிருக்கின்றன. வேறெந்த விமான வகையும் இத்தனை எண்ணிக்கையில் தயாரானதில்லை. ஆனால் 1986-இல் செஸ்னா நிறுவனம் பிஸ்டன் என்ஜின் விமானங்களின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு முன் விற்ற விமானம் விழுந்தாலும் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடரலாம் என்று அமெரிக்காவில் அன்றிருந்த நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் பொறுப்புக்கு 18 ஆண்டு வரம்பு விதித்து 1994-இல் சட்டம் வந்த பிறகே, 1996-இல் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. இடையில் விழுந்த பத்தாண்டு வெற்றிடத்தாலும், புதிய விமானத்தின் விலை தனிமனிதருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதாலும், என்னைப் போன்றவர்களின் ஹேங்கர்களில், அதாவது விமானக் கொட்டகைகளில், நிற்பவை பெரும்பாலும் 1960-களிலும் 1970-களிலும் பிறந்தவை. பழைய விமானம் எங்கள் ரசனை என்று சொல்வதைவிட, கைக்கு எட்டுவது அதுதான் என்று சொல்வது பொருந்தும்.

விமானத்தின் வயது இரண்டு கணக்குகளில் ஓடுகிறது. பறப்பதாலும் தரையிறங்குவதாலும் உலோகத்தில் சேரும் சோர்வு, பறந்த மணிக்கணக்கில் ஏறும். ஈரத்தால் வரும் அரிப்பு நாட்காட்டியில் ஏறும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தயாரான ஆண்டைக் கேட்டதுமே பயம் வருகிறது. 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச் அருகே பயிற்சிப் பறப்பில் இருந்த பைப்பர் ஆரோ விமானம் ஒன்றின் இடது இறக்கை வானிலேயே பிய்ந்து, உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். அந்த விமானம் தயாரானது 2007-இல். பயிற்சிப் பறப்புகளில் ஓயாமல் இறங்கி ஏறியதில், இறக்கையைத் தாங்கும் முதன்மை ஸ்பாரின் கீழ்ப்பட்டையில் போல்ட் துளையோரமாகச் சோர்வு விரிசல் விட்டிருந்தது. அதையொட்டி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., அந்தத் துளைகளை, மின்சுழல் கொண்டு உலோகத்தின் விரிசலைக் கண்டறியும் எடி கரன்ட் முறையில் சோதிக்கச் சொல்லி 2020-26-16 என்ற எண்ணுள்ள உத்தரவை வெளியிட்டது. மணிக்கணக்கு ஏறிய விமானத்துக்கு அந்த ஆபத்து. என்னுடையதைப்போல் ஆண்டுகள் ஏறி மணிகள் குறைவாக உள்ள விமானத்துக்கு எதிரி வேறு.

அந்த எதிரி ஈரம். 172-இன் மேல்தகடு 2024 என்ற அலுமினியக் கலவையால் ஆனது. பலமான கலவைதான், ஆனால் எளிதில் அரிக்கும் என்பதால் அதன்மேல் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக ஏற்றியிருப்பார்கள். பளபளப்பு வேண்டுமென்று ஆண்டுக்கு ஆண்டு பாலிஷ் போடுபவர்கள் தேய்த்து எடுப்பது அந்தக் காப்புப் படலத்தைத்தான். நான் விமானத்தைக் கழுவும்போது பார்ப்பது அழுக்கை அல்ல, தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளை. ரிவெட் தலையைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் போட்டாலோ, விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டினாலோ உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். ரிவெட்டிலிருந்து பின்பக்கமாகக் கரிக்கோடு போலக் கறுப்பாக இழுத்திருந்தால் அது வேறு: அந்த ரிவெட் தளர்ந்து, பறக்கும்போது துளைக்குள் நுண்ணியதாக அசைந்து, அலுமினியத்தை அரைத்து வெளியே தள்ளுகிறது.

தகட்டைவிட எனக்கு அதிகக் கவலை தருவது என்ஜினுக்குள் இருக்கும் கேம்ஷாஃப்ட்தான், அதாவது தன் முகடுகளால் வால்வுகளைத் திறக்கும் தண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பழைய விமானம் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. லைகமிங் என்ஜினில் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. ஓடும்போது கிராங்க்ஷாஃப்ட் வாரி இறைக்கும் ஆயிலில் அது நனைந்துகொண்டிருக்கும். நிறுத்தி வைத்தால், மேலே இருப்பதால், ஆயில் மெல்ல வடிந்து கீழே போய்விடும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, என்ஜினின் கூடான கிராங்க் கேஸுக்குள் வருவதால், என்ஜினின் உட்புறம் எப்போதும் கொஞ்சம் ஈரத்தோடுதான் ஆறுகிறது. வாரக்கணக்கில் நின்றால் ஆயில் வடிந்த கேம் முகடுகளில் நுண்ணிய துருப்புள்ளிகள் விழும். அடுத்த முறை என்ஜினைக் கிளப்பும்போது அந்தப் புள்ளிகள், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட்டின் முகத்தைச் சுரண்டும். சுரண்டப்பட்ட டேப்பெட் கேம் முகட்டைத் தின்னும். முகடு தேயத் தேய வால்வு திறக்கும் அளவு குறையும். ஏறும் வேகம் ஏதோ மந்தமாக இருப்பதாக விமானிக்குத் தோன்றும்போது, கிராங்க் கேஸைப் பிளந்து பழுது பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அது ஏறக்குறைய முழு ஓவர்ஹாலுக்கு, அதாவது என்ஜினை முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பதற்குச் சமம். இன்னொரு நிறுவனமான கான்டினென்டலின் என்ஜின்கள் பலவற்றில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்குக் கீழே இருப்பதால், அவற்றின் உரிமையாளர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்களுக்கு வாய்த்த கவலைகள் வேறு.

பறக்க நேரமில்லாதவர்கள் வாரம் ஒருமுறை வந்து பத்து நிமிடம் என்ஜினை ஓட்டி நிறுத்திவிட்டுப் போவதைப் பல ஹேங்கர்களில் பார்க்கலாம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல் இது. ஆயிலில் கலந்த நீர் ஆவியாகி வெளியேற வேண்டுமானால் ஆயில் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறி, அந்தச் சூட்டில் கணிசமான நேரம் ஓட வேண்டும். தரையில் நின்றபடி ஓட்டினால் அந்தச் சூடு வராது, புதிதாக நீராவி மட்டும் சேரும். பறப்பதானால் குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். இல்லையென்றால் தொடாமல் விட்டுவிடுவது மேல். நீண்ட நாள் பறக்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், பாதுகாப்பு ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக் இடங்களில் ஈரமுறிஞ்சிச் செருகிகளைப் பொருத்தி, முறையாக மூடி வைப்பதற்குத் தயாரிப்பாளரே வழிமுறை தந்திருக்கிறார். உலர்ந்த காற்றை கிராங்க் கேஸுக்குள் சுழலவிடும் சிறிய கருவிகளும் கிடைக்கின்றன.

இந்த என்ஜினுக்கு லைகமிங் சொல்லும் ஓவர்ஹால் காலம் 2,000 மணி நேரம், அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. தனியார் பயன்பாட்டில் இருக்கும் விமானத்துக்கு அமெரிக்க விதிகளின்படி இது பரிந்துரையே ஒழியக் கட்டாயமல்ல. சில நாடுகளில் கட்டாயம். கட்டாயமில்லாத இடத்தில் எப்போது ஓவர்ஹால் செய்வது என்பதை என்ஜினின் நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும், அந்த நிலையை அறிய ஆயில் ஃபில்டரைப்போல் மலிவான சாட்சி வேறில்லை.

ஆயிலையும் ஃபில்டரையும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது லைகமிங்கின் அறிவுரை. இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்றியதும் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்துப் பார்க்க வேண்டும். இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தூளே உள்ளே விழுந்து பார்ப்பவரை ஏமாற்றும் என்பதால், டப்பா மூடியைச் சுற்றி வெட்டுவதுபோல் உருளும் கத்தியுள்ள தனிக் கருவி இதற்கென்று உண்டு. உள்ளேயிருக்கும் மடிப்புக் காகிதத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, வைஸில் வைத்து இறுக்கி ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் நீளமாக விரித்து, வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். கறுப்பாக நொறுங்குவது கரி. அதற்குப் பயப்பட வேண்டாம். மினுக்கும் துகள் தென்பட்டால் அடியில் காந்தத்தைக் கொண்டு போக வேண்டும். துகள் காந்தத்தைத் தேடி நகர்ந்தால் இரும்பு, அதாவது கேம், டேப்பெட், பல்சக்கரம் போன்றவற்றில் ஒன்று. நகராவிட்டால் அலுமினியமாகவோ வெண்கலமாகவோ இருக்கலாம். ஒன்றிரண்டு துகள்களைக் கண்டு என்ஜினைக் கழற்ற வேண்டியதில்லை. அடுத்த ஃபில்டரைச் சீக்கிரமே அறுத்து, எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இதோடு ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்புகிறேன். ஒரு அறிக்கையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரும்பின் அளவு தொடர்ந்து எந்தத் திசையில் போகிறது என்பதே செய்தி.

ஆண்டுச் சோதனை என்பது விமானத்தை ஏறக்குறையத் திறந்து போடுவது. என்ஜின் மூடிகள், தரைப்பலகைகள், இறக்கையடியில் உள்ள சிறு சிறு வட்டத் தகடுகள் எல்லாம் கழலும். மெக்கானிக் அனுமதித்தால் கூடவே இருந்து பார்ப்பது நல்லது. என் விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த நாட்களில் கற்றதுதான். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் சோதனையில், எல்லோரும் அழுத்த அளவைத்தான் கேட்கிறார்கள். காற்று எங்கே கசிகிறது என்பதைக் காதால் கேட்பது அந்த அளவைவிட முக்கியம். சைலன்சர் குழாயில் ‘ஸ்’ என்று கேட்டால் எக்சாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம். வளையத்தில் கொஞ்சம் கசிவது இயல்பு. எக்சாஸ்ட் வால்வில் கசிந்தால் அலட்சியப்படுத்தக்கூடாது. போரோஸ்கோப் என்ற மெல்லிய உள்நோக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தால், எரிந்துகொண்டிருக்கும் வால்வின் முகத்தில் வண்ண வளையங்கள் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கோணலாகத் தெரியும்.

சைலன்சர் சோதனையும் எனக்குப் பிடித்தமான ஒன்று. குளிர்காலத்தில் கேபினுக்கு வரும் சூடான காற்று, சைலன்சரைச் சுற்றியிருக்கும் உறைக்குள் புகுந்து வருகிறது. சைலன்சரில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தக் காற்றோடு கார்பன் மோனாக்சைடு சேர்ந்து வந்துவிடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனால் உறையைக் கழற்றிவிட்டு, வாக்குவம் கிளீனரின் காற்றுத் தள்ளும் முனையை எக்சாஸ்ட் குழாயில் செருகி, சைலன்சர் முழுவதும் சோப்பு நுரையைப் பூசிப் பார்ப்பார்கள். விரிசல் இருக்கும் இடத்தில் குமிழி வரிசையாகக் கிளம்பும். அந்த வாயு பட்டால் நிறம் மாறும் அட்டையை மட்டும் டாஷ்போர்டில் ஒட்டி வைத்துக்கொண்டு பறப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, ஒலியெழுப்பும் மின்னணுக் கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள் என்பதுதான். மயக்கம் வரும் நேரத்தில் யாரும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

செஸ்னாவுக்கென்றே உள்ள இன்னொரு சோதனை இருக்கைத் தண்டவாளம். இருக்கையைப் பிடித்து நிறுத்தும் ஊசி, தண்டவாளத்தில் உள்ள துளைக்குள் இறங்கி நிற்கும். துளை தேய்ந்துவிட்டால், ஏறுமுகமாகப் போகும்போது இருக்கை பின்னால் வழுக்கும். விழாமல் பிடிக்க விமானி பற்றுவது கையிலிருக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தையே. மூக்கு மேலும் உயரும். இப்படி உயிர்கள் போனதால்தான் துளைகளையும் ஊசிகளையும் தொடர்ந்து அளந்து பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பதன் எண் 2011-10-09. ஒவ்வொரு முறையும் ஏறி அமர்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் உலுக்கிப் பார்ப்பது எனக்கு அனிச்சையாகிவிட்டது.

இவ்வளவு சோதனைகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, சோதனையே ஆபத்தாகவும் ஆகலாம் என்று சொன்னால் முரணாகத் தோன்றும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கடலோர விமானப்படைப் பிரிவில் ஆய்வு செய்த உயிரியலாளர் சி. எச். வாடிங்டன் குழுவினர், 50 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யப்பட்ட பராமரிப்புக்குப் பின் விமானங்களில் கோளாறுகள் குறைவதற்குப் பதிலாக அதிகரிப்பதையும், அடுத்த பராமரிப்பு நெருங்க நெருங்கத்தான் அவை படிப்படியாகக் குறைவதையும் கண்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டுவதில்தான் பிழைகள் நுழைகின்றன. ஒருமுறை பணிமனையிலிருந்து சோதனை முடிந்து வந்த என் விமானத்தில், கீழ்வரிசை ஸ்பார்க் பிளக் ஒன்றின் வயரை இறுக்கும் நட்டு, கையால் சுழற்றினாலே கழன்று வரும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. தரையில் கண்டுபிடித்ததால் தொல்லையில்லாமல் போயிற்று. அதன் பிறகு நான் வகுத்துக்கொண்ட விதி எளியது: பணிமனையிலிருந்து வந்த விமானத்தில் முதல் பறப்புக்கு யாரையும் ஏற்றுவதில்லை, என்ஜின் மூடியைத் திறந்து நானே டார்ச் அடித்துப் பார்க்காமல் ஏறுவதில்லை, முதல் அரைமணி நேரம் ஓடுதளத்தின் தலைக்கு மேலேயே சுற்றுவேன். காலம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் நல்ல சிலிண்டரைக் கழற்றலாமே என்று யார் சொன்னாலும், எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கவும் பழகிவிட்டேன். நல்ல மெக்கானிக்குகள் அந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை.

கேட்பதற்கு எனக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு. அமெரிக்க விதிகளில், விமானம் பறக்கத் தகுந்த நிலையில் இருப்பதற்கான முதல் பொறுப்பு உரிமையாளருடையது. கையெழுத்துப் போடும் மெக்கானிக் தான் செய்த வேலைக்கு மட்டுமே பொறுப்பு. அதே விதிகள் விமானி உரிமம் உள்ள உரிமையாளரைச் சில வேலைகளைத் தாமே செய்ய அனுமதிக்கின்றன: ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்து இடைவெளி சரிபார்ப்பது, சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது போன்றவை. செய்ததை, பராமரிப்புப் பதிவேடான லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மற்ற நாடுகளில் எல்லை கூடும் குறையும், அதனால் தம் நாட்டு விதியைப் படிக்காமல் யாரும் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

சில்லறைத் தொல்லைகள் நிறைய உண்டு, எல்லாவற்றையும் எழுதினால் முடியாது. ஆல்டர்னேட்டர் பெல்ட் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் ஓடுவதால், அறுந்தால் ப்ரொப்பெல்லரையே கழற்ற வேண்டும். இடது இறக்கைத் தாங்கிக்குப் பின்னால் இருக்கும் எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் குளவி மண் வைத்து அடைத்துவிடும்; அடைபட்டால் தொட்டியில் பெட்ரோல் இருந்தும் என்ஜினுக்கு வராமல் போகலாம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை விமானத்தின் உலோக உடலோடு இணைத்து அணைக்கும் வயர் அறுந்திருந்தால், சாவியை எடுத்த பிறகும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும், அதனால் நிற்கும் ப்ரொப்பெல்லரையும் சுழலப்போகும் ஒன்றாகவே மதிக்க வேண்டும். அதன் விளிம்பில் கல் பட்ட சிறு வடு, விரிசலுக்கு விதை. முனை முழு வேகத்தில் நொடிக்கு 260 மீட்டருக்கும் மேல் விரைகிறது. தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டி அரத்தால் இழைத்துச் சமன்படுத்திவிட வேண்டும்.

எரிபொருள் விஷயம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. என் என்ஜின் 80 ஆக்டேன் பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. அது சந்தையிலிருந்து மறைந்து பல காலமாகிறது. இப்போது ஊற்றும் 100எல்எல் என்ற 100 ஆக்டேன் விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். என் என்ஜினுக்கு அவ்வளவு தேவையே இல்லை. கீழ் பிளக்குகளில் ஈயம் சிறு மணிகளாக உருண்டு மின்முனைகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்கிறது, வால்வுத் தண்டிலும் படிகிறது. தரையில் ஓடும்போதே காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவைக் கணிசமாகக் குறைத்து, கலவையை மெலிதாக்கி வைப்பதால் என் பிளக்குகள் இப்போது பெரும்பாலும் சுத்தமாக வருகின்றன. ஈயமில்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் ஒன்றுக்கு 2022-இல் எஃப்.ஏ.ஏ. அனுமதி கொடுத்தது, 2030 முடிவதற்குள் ஈயத்தை ஒழிப்பது அங்கே இலக்கு.

கடைசியாக, வாங்க நினைத்து எனக்கு எழுதுபவர்களுக்கு. விளம்பரத்தில் ‘குறைந்த மணி நேரமே ஓடிய என்ஜின்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், லாக் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்த மணிகள் எத்தனை ஆண்டுகளில் பரவியிருக்கின்றன என்று பாருங்கள். ஓவர்ஹால் முடிந்து ஆண்டுக்கு நூறு மணி வீதம் பறந்து 1,200 மணியில் நிற்கும் என்ஜினையும், அதே காலத்தில் வெறும் 200 மணி மட்டும் ஓடிய என்ஜினையும் பக்கத்தில் வைத்தால், நான் முதலாவதையே எடுப்பேன்; விற்பவர் இரண்டாவதற்குத்தான் அதிக விலை கேட்பார். ஃபில்டரை அறுத்துப் பார்த்த குறிப்புகள் இருக்கின்றனவா, சேதமும் பழுதும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கின்றனவா, எந்த ஆண்டுகளில் ஒரு வரிகூட இல்லை என்று தேடுங்கள். அப்படி வெறுமையாக விடப்பட்ட ஆண்டுகள் இருந்தால், விலை பேசுவதற்கு முன் ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேம் முகடுகளை, உங்கள் செலவில் உங்கள் மெக்கானிக்கே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து நான் விமானம் வாங்க மாட்டேன்.